விலை கொடுத்தவர் முகம்

குற்றமும் அறத்தேர்வும் பேசும் திரைப்படங்களை விமர்சிப்பது குறித்த அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்

யோகோஹாமாவில் குன்றின்மேல் ஒரு வீடு. குளிரூட்டிய கூடம், பெரிய கண்ணாடிச் சன்னல்கள். கீழே வெயிலில் புழுங்கும் நெருக்கமான வீடுகள். வீட்டுக்காரர் கிங்கோ கோண்டோ, காலணி நிறுவனம் ஒன்றின் இயக்குநர்களில் ஒருவர். தோல் தைக்கும் வேலையில் தொடங்கி மேலேறி வந்தவர். நிறுவனத்தைத் தன் கைக்குக் கொண்டுவர, இருக்கும் வீட்டையும் அடமானம் வைத்துப் பணம் திரட்டியிருக்கிறார். அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடிக்கிறது. மகனைக் கடத்திவிட்டதாகவும் 3 கோடி யென் வேண்டும் என்றும் ஒரு குரல் சொல்கிறது. எவ்வளவு கேட்டாலும் தருகிறேன் என்று கோண்டோ பதறுகிறார். சற்று நேரத்தில் மகன் விளையாட்டு உடையோடு கூடத்துக்குள் ஓடி வருகிறான். ஆள் மாறிப்போய்க் கடத்தப்பட்டிருப்பவன் காரோட்டியின் பிள்ளை. ஆனாலும் பணம் வந்தாக வேண்டும் என்கிறது அந்தக் குரல்.

அகிரா குரோசாவா 1963இல் எடுத்த 'ஹை அண்ட் லோ' இப்படித் தொடங்குகிறது. எட் மெக்பெயின் எழுதிய அமெரிக்க நாவல் ஒன்றிலிருந்து கிடைத்த கதைக்கரு. படம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது. அதில் ஏறக்குறைய முதல் ஒரு மணி நேரம் கேமரா அந்தக் கூடத்தை விட்டு வெளியே போவதில்லை. இன்று ஒரு தயாரிப்பாளரிடம் இப்படியொரு திரைக்கதையை நீட்டினால் இரண்டாம் காட்சியிலேயே துரத்தலைக் கொண்டுவரச் சொல்வார். குரோசாவா துரத்தலைப் பின்னால் வைத்துக்கொள்கிறார். தன் மகனுக்கென்றால் தயங்காமல் கொடுக்க ஒப்பிய தொகையை அடுத்தவன் மகனுக்குக் கொடுப்பாரா என்ற ஒற்றைக் கேள்வியை அந்தக் கூடத்துக்குள் போட்டுக் கதவைச் சாத்திவிடுகிறார்.

கோண்டோ முதலில் மறுக்கிறார். கொடுத்தால் தான் அழிந்துபோவதை அவர் கணக்குப் போட்டுச் சொல்லும்போது அந்தக் கணக்கில் பிழையே இல்லை. மனைவி கெஞ்சுகிறாள். காரோட்டி அவோகி தரையில் விழுந்து மன்றாடுகிறார். காவலர்கள் ஒன்றும் சொல்ல முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். அகலத்திரையில் ஒவ்வொருவரும் எங்கே நிற்கிறார், யார் யாருக்கு முதுகு காட்டுகிறார் என்பதே வசனமாகிறது. முடிவில் கோண்டோ இணங்குகிறார். பணப்பைகளில் அடையாள மருந்தை மறைத்துத் தைக்க வேண்டும். அவரே தன் பழைய கருவிப்பெட்டியை எடுத்து வந்து தரைவிரிப்பில் உட்கார்ந்து தைக்கிறார். இயக்குநர் பதவி, குன்று வீடு, பங்கு வணிகம் எல்லாம் விலகிப்போய், தோல் தைத்த பையன் மட்டும் அங்கே உட்கார்ந்திருக்கிறான். தோஷிரோ மிஃபூனே நடித்த எத்தனையோ வாள் சண்டைகளைவிட அவர் ஊசி பிடித்திருக்கும் இந்தக் காட்சி வலுவானது.

இதோடு நிறுத்தினால் படத்தைப் புகழ்ந்து எழுதுவது எளிது. ஆனால் படம் அதற்குப் பிறகும் ஓடுகிறது. பையன் மீட்கப்படுகிறான். கடத்தியவன் டாகெயூச்சி என்ற பயிற்சி மருத்துவன் என்பதும், தனக்குத் துணையிருந்த இருவரை வீரியம் மிகுந்த ஹெராயின் கொடுத்துக் கொன்றுவிட்டான் என்பதும் காவல்துறைக்குத் தெரிந்துவிடுகின்றன. உடனே கைது செய்யலாம். செய்யவில்லை. கடத்தல் குற்றத்துக்கு மட்டும் தண்டனை கிடைத்தால் சில ஆண்டுகளில் வெளியே வந்துவிடுவான், கொலையில் கையும் களவுமாகப் பிடித்தால் தூக்கு நிச்சயம் என்று கணக்குப் போட்டு அவனை நடமாட விடுகிறார்கள். கோண்டோவின் தியாகத்துக்கு ஈடு செய்தாக வேண்டும் என்பது அவர்கள் கருத்து. டாகெயூச்சி புதிதாக வாங்கிய ஹெராயினைச் சோதித்துப் பார்க்க, போதைக்கு அடிமையானவர்கள் சுருண்டு கிடக்கும் சந்துக்குப் போகிறான். அங்கே ஒரு பெண்ணுக்குக் கொடுக்கிறான். காவலர்கள் அவனைப் பின்தொடர்ந்துகொண்டிருக்கும்போதே அவள் இறந்துபோகிறாள்.

படத்தில் அவளுக்குப் பெயர் இல்லை. கதை அவளிடம் அதிக நேரம் நிற்பதும் இல்லை. காரோட்டியின் பிள்ளைக்காக ஒரு மணி நேரம் விவாதித்த படம், இந்தப் பெண்ணின் உயிருக்காக ஒரு நிமிடமும் விவாதிக்கவில்லை. குரோசாவாவுக்குக் கடத்தல்காரர்கள் மீது கடுங்கோபம் இருந்தது. படம் வந்த அடுத்த ஆண்டே, 1964இல், ஜப்பானில் பணத்துக்காக ஆள் கடத்துவதற்கு எதிரான சட்டம் கடுமையாக்கப்பட்டது. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அந்த நியாயத்துக்கான செலவு சந்தில் கிடந்த ஒருத்தியின் தலையில் விழுந்தது. இதைச் சொல்லாத விமர்சனம் அரை விமர்சனம்.

இந்த உரை வலியுறுத்த வருவது இதைத்தான். குற்றத்தையும் அறத்தேர்வையும் பேசும் இருண்ட படங்களை எடைபோடும்போது, குற்றவாளிக்குத் தண்டனை கிடைத்ததா என்பதைவிட, ஒருவர் எடுத்த முடிவுக்கு யார் விலை கொடுத்தார், அவருடைய முகத்தைப் படம் எவ்வளவு நேரம் காட்டியது என்று பார்ப்பதே விமர்சகரின் முதல் வேலை.

தமிழில் திரைவிமர்சனத்துக்கு நல்ல தொடக்கம் இருந்தது. 1930களில் ஆனந்த விகடனில் கல்கி எழுதிய விமர்சனங்களைப் படித்துவிட்டே படம் பார்ப்பதா வேண்டாமா என்று முடிவெடுத்த வாசகர்கள் உண்டு. பின்னாளில் விகடன் போட்ட மதிப்பெண்கள் தேநீர்க்கடை வரைக்கும் விவாதப் பொருளாயின. மதிப்பெண்ணில் தவறில்லை, வாசகருக்கு அது உதவுகிறது. ஆனால் நடிப்பு, இசை, ஒளிப்பதிவு, படத்தொகுப்பு என்று பிரித்துப் பிரித்துப் பாராட்டி, கடைசியில் சமூகத்துக்கு நல்ல செய்தி அல்லது தவறான முன்னுதாரணம் என்று ஒரு வரியில் தீர்ப்பெழுதும் பழக்கம், குற்றப் படங்களுக்கு மட்டும் பொருந்தவே பொருந்தாது. அந்த ஒரு வரி எப்போதும் கடைசி ரீலை மட்டுமே பார்த்து எழுதப்படுகிறது.

கடைசி ரீலைப் பார்த்துத் தீர்ப்பெழுதும் வழக்கத்தை ஹாலிவுட் ஒரு விதியாகவே வைத்திருந்தது. 1934 முதல் கண்டிப்பாக அமலான தயாரிப்பு ஒழுங்குவிதிகளின்படி, குற்றம் செய்தவன் தண்டனையிலிருந்து தப்பக் கூடாது. அவன்மீது பார்வையாளருக்குப் பரிவு வரவும் கூடாது. அந்தக் காலத்தில்தான் ஃப்ரிட்ஸ் லாங் 'ஸ்கார்லெட் ஸ்ட்ரீட்' எடுத்தார். 1945இல் வந்த படம். அடங்கி ஒடுங்கி வாழும் காசாளர் ஒருவர், ஓய்வு நாளில் ஓவியம் தீட்டுபவர், தன்னை ஏமாற்றிய பெண்ணைக் கொன்றுவிடுகிறார். அந்தக் கொலைக்காக மின்நாற்காலிக்குப் போகிறவன் அவளுடைய காதலன். அவன் மோசமானவன்தான். ஆனால் அந்தக் கொலையைச் செய்தவன் அவன் இல்லை. உண்மைக் கொலைகாரர் மனசாட்சியின் குரல்கள் துரத்த, தெருத் தெருவாக அலைகிறார். நான்தான் கொன்றேன் என்று அவர் சொன்னாலும் நம்ப ஆளில்லை. விதிகளைக் காத்த அலுவலகம் மனசாட்சியையே தண்டனையாக ஏற்றுக்கொண்டு படத்தை அனுமதித்தது. நியூயார்க் மாநிலத் தணிக்கையாளர்கள் 1946இன் தொடக்கத்தில் அதைத் தடை செய்தார்கள். மில்வாக்கி, அட்லாண்டா நகரங்களிலும் தடை வந்தது.

இரு தரப்பும் கொலைகாரரையே பார்த்துக்கொண்டிருந்தன. செய்யாத கொலைக்காகச் செத்தவனைப் பற்றிக் கவலைப்பட்டிருந்தால், படத்தின் உண்மையான கொடூரம் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கும்.

இங்கே ஒரு நடைமுறைச் சிக்கலையும் பேசியாக வேண்டும். விலை கொடுத்தவர் யார் என்று எழுதப் போனால் கதை முடிவைச் சொல்லியாக வேண்டும். வெள்ளிக்கிழமை வெளியாகும் படத்தின் முடிவைச் சனிக்கிழமை அச்சிடுவது வாசகருக்குச் செய்யும் துரோகம் என்று ஆசிரியர்கள் நினைப்பதில் நியாயம் இருக்கிறது. அதற்காக முடிவைப் பற்றிய பேச்சே நடக்காமல் போவது பெரிய இழப்பு. படம் வந்து சில வாரங்கள் கழித்து, பார்த்தவர்களுக்காக மட்டும் எழுதப்படும் இரண்டாவது விமர்சனத்துக்கு இதழ்கள் இடம் ஒதுக்க வேண்டும். குற்றப் படங்களுக்கு முதல் விமர்சனத்தைவிட அதுவே தேவையானது.

போலந்து நாட்டின் கிரிஸ்டோஃப் கிஸ்லோவ்ஸ்கியை அப்படியொரு இரண்டாவது விமர்சனம் இல்லாமல் பேசவே முடியாது. பத்துக் கட்டளைகளை அடியொற்றித் தொலைக்காட்சிக்காக அவர் எடுத்த 'டெகலாக்' வரிசையின் ஐந்தாம் பகுதி, விரிவாக்கப்பட்டு 1988இல் 'எ ஷார்ட் ஃபிலிம் அபௌட் கில்லிங்' என்று தனிப்படமாக வந்தது. உடன் எழுதிய கிரிஸ்டோஃப் பியேசியேவிச் ஒரு வழக்கறிஞர். நீதிமன்றம் உள்ளே எப்படி நடக்கிறது என்று அறிந்தவர். ஒளிப்பதிவாளர் ஸ்லாவோமிர் இட்சியாக் பச்சை நிற வடிகட்டிகளைக் கொண்டு வார்சாவை அழுகிய நீருக்கடியில் கிடக்கும் ஊராக மாற்றிவிட்டார்.

யாட்செக் என்ற இளைஞன் வாடகைக் காரோட்டி ஒருவரைக் கொல்கிறான். ஏன் என்று படம் சொல்வதில்லை. கொலை சில நொடிகளில் முடிவதும் இல்லை. கயிற்றால் நெரித்து, தடியால் அடித்து, கடைசியில் கல்லைப் போட்டு, பல நிமிடங்கள் அந்த மனிதர் சாக மறுக்கிறார். ஒரு மனிதரைக் கொல்வது எவ்வளவு கடினமான வேலை என்று உடம்பால் உணரவைக்கும் காட்சி. திரையரங்கில் துப்பாக்கி ஒருமுறை வெடித்தால் பத்துப் பேர் விழுவதைப் பார்த்துப் பழகியவர்கள் இங்கே தலை குனிந்துகொள்வார்கள்.

கொல்லப்படும் காரோட்டி நல்லவர் என்று காட்டிவிட்டால் பரிதாபம் எளிதாக வந்துவிடும். கிஸ்லோவ்ஸ்கி அந்த எளிய வழியை எடுக்கவில்லை. அந்தக் காரோட்டி குளிரில் காத்து நிற்பவர்களை ஏற்றாமல் வேண்டுமென்றே வண்டியைக் கிளப்பிக்கொண்டு போகிறவர், பெண்களை அசிங்கமாகப் பார்க்கிறவர். தெருநாய்க்குத் தன் உணவைக் கொடுப்பவரும் அவரே. யாட்செக்கும் அப்படித்தான். பாலத்திலிருந்து கீழே போகும் வண்டிகள்மீது கல்லைத் தள்ளிவிடுகிறவன், உணவு விடுதிக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கும் இரண்டு சிறுமிகளைச் சிரிக்கவைக்கிறான். சட்டைப்பையில் இறந்த தங்கையின் புகைப்படத்தை மடித்து வைத்திருக்கிறான். அவள், யாட்செக்கின் நண்பன் ஓட்டிய டிராக்டரில் அடிபட்டுச் செத்தவள். அதற்குமுன் அந்த நண்பனோடு சேர்ந்து குடித்தவன் யாட்செக். இது கொலைக்கு விளக்கமும் இல்லை, மன்னிப்பும் இல்லை. தூக்குக்குமுன் தன் வழக்கறிஞரிடம் அவன் சொல்லிவிட்டுப் போகும் ஒரு செய்தி, அவ்வளவுதான்.

பிறகு இரண்டாவது கொலை. தூக்குப் போடுபவர் காலையிலேயே வந்து கருவியைச் சரிபார்க்கிறார், எண்ணெய் விடுகிறார், எல்லாம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொள்கிறார். முதல் கொலையை எந்த நிதானத்தோடு படமெடுத்தாரோ அதே நிதானத்தோடு இதையும் எடுக்கிறார் கிஸ்லோவ்ஸ்கி. இரண்டையும் ஒரே அளவுகோலால் அளக்கிறார் என்று அவர்மீது குறை சொல்லலாம். சட்டம் கொல்வதும் தனிமனிதன் கொல்வதும் ஒன்றா என்று கேட்கலாம். கேட்பவர்கள் முதலில் அந்தக் கேமரா யார் முகத்திலிருந்து விலகவில்லை என்று பார்க்க வேண்டும். கொல்லப்படும் இருவரின் முகத்திலிருந்தும் அது விலகவில்லை. ஹெராயின் சந்தில் குரோசாவா விட்ட இடம் அதுதான்.

கான் விழாவில் நடுவர் பரிசும், அந்த ஆண்டு புதிதாகத் தொடங்கிய ஐரோப்பியத் திரைப்பட விருதும் கிஸ்லோவ்ஸ்கியின் படத்துக்குக் கிடைத்தன. அதே 1988இன் ஏப்ரலில் போலந்தில் ஒருவர் தூக்கிலிடப்பட்டார். அந்த நாட்டில் நடந்த கடைசித் தூக்கு அது. 1997இல் இயற்றிய புதிய தண்டனைச் சட்டத்தில் மரண தண்டனையே இல்லை. ஒரு படம் சட்டத்தை மாற்றியது என்று சொல்வது மிகை. ஆட்சியே மாறிய காலம் அது. ஆனால் அந்த விவாதத்தில் இந்தப் படத்தின் பெயர் தொடர்ந்து வந்துகொண்டிருந்தது.

தமிழுக்கு வருவதற்குக் குரோசாவாவே வழி காட்டுகிறார். வீணை வித்வான் எஸ். பாலசந்தர், திரைப்பட விழா ஒன்றில் குரோசாவாவின் 'ராஷோமோன்' பார்த்த பாதிப்பில் உருவாக்கிய 'அந்த நாள்', ஏவிஎம் தயாரிப்பாக 1954 தமிழ்ப் புத்தாண்டில் வெளிவந்தது. கதை, வசனம் ஜாவர் சீதாராமன். பாட்டில்லை, நடனமில்லை, சண்டையில்லை. ஒரு படத்தில் எத்தனை பாட்டு என்று எண்ணிச் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் செய்த துணிச்சல் இது. கதை நடக்கும் காலம், 1943 அக்டோபரில் ஜப்பான் விமானம் சென்னையில் குண்டு போட்டதை அடுத்த நேரம். முதல் காட்சியிலேயே வானொலிப் பொறியாளர் ராஜன் குண்டடிபட்டு விழுகிறான். கதாநாயகன் சிவாஜி கணேசன் படம் தொடங்கியதுமே செத்துப்போகிறார். வீட்டார், அண்டை வீட்டுக்காரர், அவன் பழகிய பெண் என்று ஒவ்வொருவரும் இன்னொருவரைக் கைகாட்டி ஒரு கதை சொல்கிறார்கள்.

இந்தப் படத்தைப் பற்றிய பேச்சு எழுபது ஆண்டுகளாகப் பாட்டில்லாத முதல் தமிழ்ப் படம் என்ற இடத்திலேயே நின்றுவிடுகிறது. அது வருத்தத்துக்குரியது. ராஜன் ஜப்பானுக்கு உளவு சொன்னவன். அவனைச் சுட்டது மனைவி உஷா. கல்லூரி நாளிலிருந்தே நாட்டுப்பற்றில் ஊறியவள். நாட்டுக்காகக் கணவனை இழந்த தேசபக்தை என்று சொல்லிப் படத்தை மூடிவிடலாம், பலர் அப்படித்தான் மூடுகிறார்கள். ஆனால் ராஜன் பணத்தாசையால் மட்டும் விலைபோனவன் இல்லை. எளியவர்களும் வாங்கும்படி மலிவான வானொலிப்பெட்டி செய்ய நினைத்தவன், இங்கே அதை மதிக்க ஆளில்லாமல் மதித்த நாட்டின் பக்கம் சாய்ந்தவன். அந்தத் திறமையைத் தட்டிவிட்டவர்கள் படத்தில் எந்தத் தண்டனையும் பெறவில்லை. கைத்துப்பாக்கியோடு நின்ற உஷாவுக்கு விலை மொத்தமும் வந்து சேர்கிறது. பண்டரிபாயின் முகத்தில் குற்றமும் கடமையும் துக்கமும் ஒரே நேரத்தில் ஓடும் கடைசிப் பகுதியை, சிவாஜியின் நடிப்பைப் பேசும் அதே அக்கறையோடு பேசியிருக்க வேண்டும்.

விலை கீழ்நோக்கி உருளும் விதத்தைத் தமிழில் வேறெந்தப் படத்தையும்விடத் தெளிவாகக் காட்டியது வெற்றிமாறனின் 'விசாரணை'. கோவையைச் சேர்ந்த மு. சந்திரகுமார் தன் சொந்த அனுபவத்திலிருந்து எழுதிய 'லாக்கப்' நாவலை அடிப்படையாகக் கொண்டது. 2015இல் வெனிஸ் விழாவில் திரையிடப்பட்டு, மனித உரிமைகளுக்காக அம்னஸ்டி அமைப்பின் இத்தாலியக் கிளை தரும் விருதைப் பெற்றது. 2016 பிப்ரவரியில் இங்கே வெளியானது. குண்டூரில் பிழைக்கப் போன தமிழ் இளைஞர்களைப் பிடித்துச் செய்யாத திருட்டை ஒப்புக்கொள்ளச் சொல்லி அடிக்கிறார்கள். அடிக்கும் காட்சிகள் தாங்க முடியாதவை என்று சொல்லப்பட்டது. தாங்க முடியாதவையே. ஆனால் படத்தின் அறக்கேள்வி இரண்டாம் பாதியில் இருக்கிறது.

சமுத்திரக்கனி நடித்த முத்துவேல் என்ற காவல் அதிகாரி, குண்டூர் நீதிமன்றத்தில் இந்த இளைஞர்களுக்காக மொழிபெயர்த்து அவர்களை விடுவிக்கிறார். நல்லவர். பிறகு கணக்காளர் ஒருவர் காவலில் இறக்கும்போது அதை மறைக்கும் வேலையிலும் சேர்ந்துகொள்கிறார். நிலையத்தைச் சுத்தம் செய்துவிட்டுப் போகலாம் என்று நிறுத்திவைக்கப்பட்ட இளைஞர்களின் காதில் நடந்தது விழுந்துவிடுகிறது. அவ்வளவுதான் அவர்கள் செய்த குற்றம். மேலிடத்தில் எடுத்த முடிவு அதிகாரி அதிகாரியாக இறங்கி, கையில் துடைப்பம் பிடித்தவன் உயிரில் வந்து நிற்கிறது. முத்துவேல் ஒவ்வொரு படியிலும் முணுமுணுத்து எதிர்க்கிறார், ஒவ்வொரு படியிலும் இணங்குகிறார். முழுதாக மறுக்கும் கணத்தில் காலம் கடந்துவிட்டிருக்கிறது, அவரும் மிஞ்சவில்லை. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் அடிபட்டு இறந்தபோது பலர் இந்தப் படத்தை நினைத்துக்கொண்டார்கள். அடியின் கொடுமையோடு அந்த முணுமுணுப்பையும் நினைத்துக்கொள்வது நல்லது. காவல் நிலையங்களில் முத்துவேல்களே அதிகம்.

இனி, எல்லோரும் பார்த்த ஒரு கதை. 2013இல் ஜீத்து ஜோசப் மலையாளத்தில் எடுத்த 'த்ரிஷ்யம்', 2015இல் அவரே இயக்கிக் கமல்ஹாசன் நடிக்க 'பாபநாசம்' ஆனது. மகள் குளிப்பதைப் படமெடுத்து மிரட்டிய இளைஞன், தாயும் மகளும் தற்காத்துக்கொள்ளும்போது இறந்துவிடுகிறான். கேபிள் டிவி நடத்தும் தந்தை, பார்த்த சினிமாக்களின் அறிவைக் கொண்டே காவல்துறையை ஏய்க்கிறார். உடல் எங்கே புதைந்திருக்கிறது என்று தெரியும்போது அரங்கம் கைதட்டியது. அந்தக் கைதட்டல் இயல்பானது. சட்டம் எளியவனைக் காக்காது என்று அனுபவத்தில் கண்டவர்களின் கைதட்டல் அது. விமர்சகர் அதை இகழக் கூடாது, அதோடு சேர்ந்து தட்டிவிட்டு எழுந்துவிடவும் கூடாது.

இந்தக் கதை 2019இல் சீன மொழியில் எடுக்கப்பட்டபோது முடிவு மாற்றப்பட்டது. தந்தை தானே முன்வந்து குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போகிறார். குற்றவாளி தப்பக் கூடாது என்ற பழைய ஹாலிவுட் விதியின் மறுபிறப்பு போல அது தோன்றுகிறது. மூலப் படமே மேல் என்று நம்மவர்கள் சொல்வதில் பொருள் உண்டு. ஆனால் இரண்டு முடிவுகளிலும் நம் கண் தந்தை மேலேயே இருக்கிறது. நள்ளிரவில் அந்த இளைஞனின் தலையில் அடித்தவள் பள்ளிக்குப் போகும் மகள். ரகசியத்தைக் காப்பாற்றும் சாமர்த்தியம் தந்தையினுடையது. அதைச் சுமந்துகொண்டு தூங்க வேண்டியவள் அவள். முதல் படத்தில் அவள் பொய் சொல்லப் பயிற்சி பெறுகிறாள், விசாரணையில் அடி வாங்குகிறாள். அவள் மனதுக்குள் என்ன நடக்கிறது என்று காட்டப் படத்துக்கு நேரம் இருக்கவில்லை.

2021 பிப்ரவரியில் 'த்ரிஷ்யம் 2' வந்தது. மலையாளத்தில் அஞ்சு என்ற அந்த மகள் இப்போது வளர்ந்துவிட்டாள், அவளுக்கு வலிப்பு வருகிறது, பழைய இரவின் அச்சம் அவளை விட்டுப் போகவில்லை. தந்தையின் புதிய தந்திரமே அப்போது ஊரெங்கும் பேச்சாக இருந்தது. ஜீத்து ஜோசப் முதல் படத்தில் கொடுக்காமல் விட்ட கணக்கை இங்கே அந்தப் பெண்ணின் உடம்பில் எழுதியிருக்கிறார். முதல் படம் வெளியான சில வாரங்களிலேயே இந்த மகளைப் பற்றி ஒரு முழுப் பக்கம் எழுதியிருக்கலாம். 'பாபநாசம்' வந்தபோது தமிழிலும் எழுதியிருக்கலாம். 'த்ரிஷ்யம்', 'பாபநாசம்' இரண்டையும் அவள் பக்கமிருந்து மறுபடி பார்த்து எழுதும் வேலை இன்னும் மிச்சமிருக்கிறது.